பத்தொன்பது செடிகளின் அடியிலை: வத்தல்மலையில் ஒரு காப்பித் துரு ஆய்வு

போன அக்டோபரில் ஒரு திங்கட்கிழமை காலை, ஊருக்குப் போய்த் திரும்பிய மாணவி ஒருத்தி செய்தித்தாளில் மடித்துவைத்த ஐந்தாறு காப்பி இலைகளை என் மேசைமேல் வைத்தாள். "சார், சந்திரகிரிக்கும் துரு வந்திருச்சு. அப்பா ரெண்டு நாளா சரியா சாப்பிடலை" என்றாள்.

நான் கிருஷ்ணகிரியில் ஒரு கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கிறேன். செடிகளுக்கு வரும் நோய்கள்தான் என் பாடம். துரு என்பது காப்பி இலையில் வரும் ஒரு காளான் நோய். அவள் வீடு தர்மபுரிக்கு மேலே வத்தல்மலையில். மூவாயிரம் அடிக்கு மேல் உயரம். சாமையும் ராகியும் விளைந்த மலை. இப்போது சில்வர் ஓக் நிழலில் காப்பியும், அந்த மரங்களிலேயே ஏற்றிவிட்ட மிளகும் வீட்டுக்கு வீடு உண்டு. ஏற்காட்டுக் காப்பியைத் தெரிந்த அளவுக்கு நம் ஊர்க்காரர்களுக்கே வத்தல்மலைக் காப்பியைத் தெரியாது. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

சந்திரகிரி என்பது இந்தியக் காப்பி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையம் 2007இல் வெளியிட்ட அராபிகா ரகம். துருவைத் தாங்கும் என்பதுதான் அதை நடுவதற்கே முக்கியக் காரணம். அதற்கே துரு வந்தால் மூன்றில் ஒன்றுதான் நடந்திருக்க வேண்டும். அது துருவே இல்லை. அல்லது அந்தச் செடி சந்திரகிரி இல்லை. அல்லது துருக்காளான் மாறிவிட்டது. மூன்றாவது உண்மையானால் அது அந்த ஒரு ஏக்கரோடு நிற்கிற செய்தி இல்லை. அடுத்த சனிக்கிழமையே மலை ஏறினேன்.

தோட்டத்தில் பார்த்தது

ஒரு ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவான சரிவு. மேல்பாதியில் மாணவியின் தாத்தா காலத்துப் பழைய செடிகள். என்ன ரகம் என்று வீட்டில் யாருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. உயரமான கட்டு, நீண்ட கிளைகள், கணுவுக்குக் கணு நல்ல இடைவெளி. எஸ்.795 என்ற பழைய அராபிகா ரகமாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. கீழ்ப்பாதியில் நான்கு வருடத்துக்கு முன் நட்ட புதுச்செடிகள். கீழே சமவெளியில் ஒரு தனியார் நர்சரியில், சந்திரகிரி என்று சொல்லி விற்ற பாக்கெட் நாற்றுகள். பிழைத்து நிற்பவை 64.

"எதிர்ப்பு ரகம்னு சொல்லித்தான் சார் கொடுத்தாங்க. விலையும் சேர்த்துத்தான் வாங்கினாங்க" என்றார் மாணவியின் அப்பா. குரலில் கோபத்தைவிடக் களைப்புதான் அதிகம் இருந்தது.

பழைய செடிகளின் நிலைமையைத் தூரத்திலிருந்தே பார்க்க முடிந்தது. நுனியில் நாலு இலை, நடுவில் மொட்டைக் குச்சி, அதில் பழுத்தும் பழுக்காமலும் காய்க்கொத்துகள். காப்பியில் துரு செய்யும் சேதம் இந்த வருடக் காயில் பெரிதாகத் தெரியாது. இலை கொட்டிப்போன கிளையில் அடுத்த வருடத்துக்கான தளிரும் பூவும் வராது. நஷ்டம் ஒரு வருடம் தள்ளித்தான் கைக்கு வரும். அதனால்தான் பலர் அதைத் துருவின் கணக்கில் எழுதாமல் "இந்த வருஷம் காய்ப்பு ஓஞ்சுபோச்சு" என்று விட்டுவிடுகிறார்கள்.

புதுச்செடி ஒவ்வொன்றையும் மூவருமாகப் பார்த்தோம். கிளையைப் பிடித்து இலையைப் புரட்டி அடிப்பக்கம் பார்ப்பது, வேறொன்றும் இல்லை. மேலே நின்று பார்த்தால் வெளிறிய மஞ்சள் பொட்டு. புரட்டினால் அதே இடத்தில் ஆரஞ்சு நிறப் பொடி. விரலால் தடவினால் மஞ்சள்தூள் போல ஒட்டிக்கொள்ளும். காப்பி இலையின் மூச்சுத்துளைகள் அடிப்பக்கத்தில் மட்டும்தான் உண்டு. காளான் உள்ளே போவதும் அந்தத் துளை வழியாகத்தான், வெளியே வருவதும் அந்தத் துளை வழியாகத்தான். எனவே மேற்பக்கத்தில் என்ன மருந்து அடித்தாலும் வாசலை விட்டுவிட்டுக் கூரைக்குக் காவல் போட்ட மாதிரிதான்.

64இல் 19 செடிகளில் துரு இருந்தது. மாணவி நோட்டில் செடி எண் போட்டுக் குறித்துக்கொண்டே வந்தாள். பாதிக்கு மேல் போனபிறகு அவளே நின்று, "சார், துரு இருக்கறதெல்லாம் ஒசரமா இருக்கு" என்றாள். நான் அதைக் கவனிக்கவே இல்லை. இலையைத் தவிர வேறெதையும் பார்க்காமல் போய்க்கொண்டிருந்தேன். மறுபடி முதல் செடியிலிருந்து ஆரம்பித்தோம்.

சந்திரகிரி குட்டை ரகம். புதராக அடர்ந்து வளரும், கணுக்கள் நெருக்கமாக இருக்கும், இலை தடித்துக் கரும்பச்சையாக இருக்கும். இந்த 64இல் 47 செடிகள் அப்படித்தான் இருந்தன. மீதி 17 செடிகள் இடுப்பைத் தாண்டி, நீண்ட கணுவோடு, மேல்பாதியில் நிற்கிற பழைய செடிகளின் ஜாடையில் இருந்தன. அந்த 17இல் 16க்குத் துரு. தப்பிய ஒன்று பாதை ஓரத்தில், காற்றும் வெயிலும் படுகிற மூலையில் நின்றது. குட்டைச் செடிகள் 47இல் துரு வந்தது மூன்றுக்கு மட்டும்.

ஆக, பெரும்பகுதிக் கேள்விக்குத் தோட்டத்திலேயே பதில் கிடைத்துவிட்டது. அராபிகா பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்க்கிற செடி. விதை சுத்தமாக எடுக்கப்பட்டிருந்தால் நாலில் ஒரு செடி வேறு ஜாடையில் வராது. விதை கலந்திருக்கிறது. யாரோ ஏதோ தோட்டத்தில் கலந்து நின்ற செடிகளிலிருந்து பழம் பறித்து நாற்று விட்டிருக்கிறார்கள். அந்தப் பதினாறும் சந்திரகிரியின் தோல்வி இல்லை.

இதைச் சொன்னதும் அவருக்கு ஒரு பக்கம் ஆறுதல், இன்னொரு பக்கம் ஏமாந்த வலி. நான்கு வருடம் என்பது ஒரு காப்பிச் செடி காய்ப்புக்கு வருகிற காலம். அதைத் திருப்பிக் கொடுக்க யாராலும் முடியாது.

அந்த மூன்று குட்டைச் செடிகள் மிச்சம் இருந்தன.

காளானின் முகம்

இலைகளைக் கல்லூரிக்குக் கொண்டுவந்து நுண்ணோக்கியில் பார்த்தோம். பழுப்புக்கண் நோய் என்று ஒன்று உண்டு. வெளிறிய நடுவும் சுற்றிலும் பழுப்பு வளையமுமாகக் கண் போல இருக்கும். சத்துக்குறைவில் வரும் மஞ்சளும் உண்டு. இரண்டையும் துரு என்று நினைத்து மருந்துக்குச் செலவழிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இங்கே சந்தேகத்துக்கு இடமில்லை. அந்த ஆரஞ்சுப் பொடியின் ஒவ்வொரு துகளும் காளான் பரவுகிற ஒரு வித்து. ஒவ்வொரு வித்தும் சிறுநீரக வடிவம். சுமார் 30 மைக்ரான் நீளம். முதுகுப்பக்கம் முழுக்க முள்முள்ளாக, வயிற்றுப்பக்கம் வழவழவென்று. இந்தப் பாதி வழவழப்புதான் அதன் பெயர். 1869இல் இலங்கையிலிருந்து வந்த இலைகளைப் பார்த்து பெர்க்லி என்ற ஆங்கிலேயப் பூஞ்சையியலாளர் ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பெயர் வைத்தார். முதல் சொல் 'பாதி வழவழப்பானது', இரண்டாவது 'நாசம் செய்வது'.

பெயருக்கு ஏற்றபடியே நடந்தது. அப்போது இலங்கை மலைநாடு காப்பி நாடு. 1870களின் கடைசியில் அங்கே இரண்டரை லட்சம் ஏக்கருக்கு மேல் காப்பி நின்றது. அடுத்த இருபது வருடத்துக்குள் அநேகமாக எல்லாம் போய்த் தேயிலை வந்தது. அந்தக் காப்பிக் காடுகளில் வேலை செய்தவர்கள் நம் பக்கத்திலிருந்து நடந்தும் கப்பல் ஏறியும் போன தமிழ்ச் சனங்கள். காப்பி சரிந்தபோது முதலில் பட்டினி கிடந்ததும் அவர்கள்தான். இந்தக் காளானைப் பற்றிப் பாடம் எடுக்கும்போதெல்லாம் எனக்கு அவர்கள் நினைவு வரும். 1880இல் மார்ஷல் வார்டு என்ற இளம் ஆய்வாளர் இலங்கைக்குப் போய் இரண்டு வருடம் தங்கி, நோய் மண்ணாலோ வானிலையாலோ வரவில்லை, காற்றில் பறக்கும் இந்த வித்தால்தான் வருகிறது என்று காட்டினார். மலைக்கு மலை இடைவெளி இல்லாமல் ஒரே பயிரை நட்டதுதான் நோய்க்குப் பாய் விரித்தது என்பதையும் அவர் அப்போதே கண்டுகொண்டார்.

வித்தின் வாழ்க்கை எளிது. இலையின் அடிப்பக்கத்தில் விழ வேண்டும், சில மணிநேரம் தண்ணீர்ப் படலம் காயாமல் இருக்க வேண்டும், இருபதிலிருந்து இருபத்தைந்து டிகிரி வரை இதமான சூடு வேண்டும், வெளிச்சம் கூடாது. மழை விட்ட இரவில் பனிமூட்டம் இறங்கிய காப்பித் தோட்டம் என்பது இது எல்லாமும் கூடிய இடம். நமக்குத் தென்மேற்கு மழையின் வாலும் வடகிழக்கின் தலையும் சேர்கிற செப்டம்பர், அக்டோபர் மாதங்கள் அதனால்தான் துருவின் பருவம். முளைத்த வித்து மூச்சுத்துளையைக் கண்டுபிடித்து நுழைந்து, இலையின் உயிருள்ள செல்லுக்குள் உறிஞ்சு உறுப்பை ஊன்றிக்கொள்கிறது. செல்லைக் கொல்லாது, உயிரோடு வைத்து உண்ணும். மூன்றிலிருந்து ஆறு வாரத்தில் பொடி வெளியே வருகிறது. ஒரே புள்ளி சில மாதங்களில் மூன்று நான்கு லட்சம் வித்து உதிர்க்கும்.

இதில் விசித்திரம் என்னவென்றால், இந்த ஆரஞ்சு வித்துகள் எல்லாம் நகல்கள். கோதுமைத் துருவுக்கு வேறொரு செடியில் போய்க் கலந்து பிறக்கிற பருவம் உண்டு. காப்பித் துருவிலும் எப்போதாவது வேறு வகை வித்து உண்டாகிறது. ஆனால் அது காப்பியைத் தொற்றுவதில்லை. அது போய்த் தங்குகிற இன்னொரு செடியை, 1869இலிருந்து இன்றுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஆண் பெண் கலப்பு கண்ணில் படாத ஒரு உயிரி இவ்வளவு வேகமாக மாறுவது எப்படி என்பதுதான் இந்தக் காளானைப் பற்றிய பெரிய கேள்வி. மாறுவது உண்மை என்பதற்கு நம் பக்கத்து மாநிலமே சாட்சி.

1911இல் மைசூர்ப் பக்கத்தில் கென்ட் என்ற தோட்டக்காரர், துருவில் மற்றதெல்லாம் மொட்டையாக நிற்க ஒரு செடி மட்டும் பச்சையாக நிற்பதைப் பார்த்து அதிலிருந்து விதை எடுத்தார். கென்ட்ஸ் என்ற பெயரில் அது பரவியது. கொஞ்ச காலம் கழித்து அதற்கும் துரு வந்தது. சிக்கமகளூர் மாவட்டத்துப் பாலெஹொன்னூரில் 1925இல் தொடங்கிய காப்பி ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்த மேயின், ஒரு ரகத்தைத் தாக்குகிற துரு இன்னொன்றைத் தாக்குவதில்லை என்று 1932இல் காட்டினார். ஒரே காளான், ஒரே வடிவம், ஒரே நிறம். ஆனால் குணத்தில் வேறு வேறு இனங்கள். காப்பித் துருவுக்கு இப்படி இனங்கள் உண்டு என்று உலகத்துக்கு முதலில் சொன்னது தென்னிந்தியத் தோட்டங்கள்தான். 1955இல் போர்ச்சுகலின் ஒய்ராஸ் நகரில் இதற்கென்றே ஒரு நிலையம் வந்தது. அங்கே உலகெங்குமிருந்து வந்த துருவைச் சோதித்து ஐம்பதுக்கு மேற்பட்ட இனங்களைப் பிரித்திருக்கிறார்கள். இந்தியாவில் மட்டுமே முப்பதுக்கு மேல் உண்டு.

இதை மாணவிக்கு விளக்கினபோது நான் ஊர்க் காவல்காரரைத்தான் உதாரணம் சொன்னேன். காப்பிச் செடிகளில் இதுவரை ஒன்பது எதிர்ப்பு மரபணுக்களுக்கு எண் கொடுத்திருக்கிறார்கள், எஸ்.எச்.1 முதல் 9 வரை. ஒவ்வொன்றும் ஒரு காவல்காரர். ஒவ்வொருவருக்கும் காளானின் ஒரே ஒரு அடையாளம்தான் தெரியும். அந்த அடையாளத்தைப் பார்த்தால் கத்திக் கூப்பிட்டு, காளான் நுழைந்த செல்லையே சாகடித்து அதைப் பட்டினி போட்டுவிடுவார். காளான் அந்த அடையாளத்தைத் தொலைத்துவிட்டு வந்தால் அவருக்கு ஆள் தெரியாது. 1, 2, 4, 5 ஆகிய காவல்காரர்கள் அராபிகாவிலேயே உள்ளவர்கள். 3ஆமவர் லைபீரிகா என்ற இன்னொரு வகைக் காப்பியிலிருந்து வந்தவர். 6 முதல் 9 வரை ரொபஸ்டா என்ற வகைக் காப்பியிலிருந்து வந்தவர்கள். எஸ்.795இல் இருக்கும் பலம் அந்த 3ஆமவர். லைபீரிகா ரத்தம் கலந்த எஸ்.288ஐக் கென்ட்ஸோடு சேர்த்து எடுத்த ரகம் அது. 1940களில் வெளிவந்து பல வருடம் நன்றாகத் தாங்கியது, பிறகு அந்த அடையாளத்தைத் தொலைத்த துரு வந்துவிட்டது.

சந்திரகிரிக்குப் பலம் வருவது திமோர் தீவிலிருந்து. 1920களில் அங்கே ஒரு தோட்டத்தில் அராபிகாவும் ரொபஸ்டாவும் தாமாகவே கலந்து ஒரு மரம் உண்டாகியிருந்தது. அராபிகாவுக்கு 44 குரோமோசோம், ரொபஸ்டாவுக்கு 22. சாதாரணமாக இரண்டும் கலந்து விதை பிடிக்காது. பிடித்த அந்த ஒன்றுதான் இன்று உலகத்தில் துரு தாங்கும் பெரும்பாலான அராபிகாவுக்குப் பாட்டி. அதை வில்லா சார்ச்சி என்ற குட்டை ரகத்தோடு சேர்த்ததில் வந்தது சந்திரகிரி.

காளான் பக்கம் பார்த்தால், ஒரு வித்துக்குள் இரண்டு உட்கருக்கள் உண்டு. ஒன்றில் அடையாளம் தொலைந்தாலும் இன்னொன்றில் இருந்தால் காவல்காரர் பிடித்துவிடுவார். இரண்டிலும் தொலைய வேண்டும். அப்படி நடப்பது அபூர்வம். ஆனால் ஒரு புள்ளிக்கு லட்சக்கணக்கில் வித்து, ஒரு செடிக்கு நூற்றுக்கணக்கில் புள்ளி, ஒரு மலைக்கு ஆயிரக்கணக்கில் செடி என்று பெருக்கிப் பாருங்கள். அபூர்வம் தினப்படி ஆகிவிடும். அதற்கு மேல், இந்த ஆரஞ்சு வித்துக்குள்ளேயே, வெளியில் தெரியாமல், உட்கருக்கள் சேர்ந்து பிரிகிற ஒரு மறைமுகக் கலப்பு நடக்கிறது என்று 2011இல் பிரேசில் ஆய்வாளர்கள் சான்று காட்டினார்கள். இதன் மரபணுத்தொகை சுமார் 80 கோடி எழுத்துகள். கோதுமைத் தண்டுத்துருவுக்கு ஒன்பது கோடிதான். பெரும்பகுதி தன்னைத்தானே நகலெடுத்து இடம்மாறும் துண்டுகள். மாறுவதற்கான சரக்கு அதனிடம் நிறையவே இருக்கிறது.

இத்தனைக்கும் டி.என்.ஏவை ஒப்பிட்டால் உலகத்து அராபிகாத் துருவெல்லாம் நெருங்கிய சொந்தம். நாடு வேறானாலும் இனம் வேறானாலும் எழுத்தில் வித்தியாசம் குறைவு. 2018இல் வெளியான ஒரு ஆய்வு இந்தக் காளானை மூன்று வம்சங்களாகப் பிரித்தது. இரண்டு வம்சம் மற்ற காப்பி இனங்களில் வாழ்பவை. மூன்றாவதுதான் அராபிகாவையும் அதன் கலப்புகளையும் தாக்குவது. அந்த மூன்றாவதில் மற்றொரு வம்சத்தின் துண்டுகள் வந்து கலந்திருப்பதும் தெரிந்தது. ஆகவே ஒரு துருவின் இனம் என்ன என்பதை முகத்தைப் பார்த்தோ ஊரைக் கேட்டோ சொல்ல முடியாது. எந்தக் காவல்காரரை அது ஏமாற்றுகிறது என்று செடியின்மேல் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

டப்பாவுக்குள் ஒரு தோட்டம்

அதைத்தான் செய்தோம். ஒய்ராஸிலும் பாலெஹொன்னூரிலும் இருப்பது போல எந்த ரகத்தில் எந்த மரபணு என்று தெரிந்த செடிவரிசை எங்களிடம் இல்லை. ஆனால் எங்கள் கேள்வி சின்னது. பழைய செடியில் இருக்கிற துருவுக்கு அந்த மூன்று குட்டைச் செடிகளையும் தாக்க முடியுமா? முடிந்தால் புதுத் துரு என்று ஒன்று தேவையில்லை. அந்த மூன்றுக்கும் காவல் குறைவு, அவ்வளவுதான்.

புள்ளி இல்லாத, முற்றின ஆனால் கிழடு தட்டாத இலைகளைப் பறித்து, ரூபாய் நாணயத்தைவிடச் சின்ன வட்டங்களாக வெட்டினோம். சாப்பாட்டு டப்பாவில் ஈரமான ஸ்பாஞ்ச், அதன்மேல் வட்டங்கள், அடிப்பக்கம் மேலே தெரிகிற மாதிரி. வித்துப் பொடியை மாணவி தோட்டத்திலேயே காலி மாத்திரைக் கேப்ஸ்யூல்களில் தட்டி எடுத்து, எந்தச் செடி என்று நூல் கட்டிக் கொண்டுவந்திருந்தாள். ஓவியத் தூரிகையால் தடவி, தண்ணீர் பீய்ச்சி, மூடி, கருப்புத் துணி போர்த்தி ஒரு ராத்திரி வைத்தோம். மறுநாள் துணியை எடுத்து ஜன்னல் பக்கம், வெயில் நேராகப் படாத இடத்தில். கிருஷ்ணகிரியில் அந்தப் பருவத்து இரவு இதற்குத் தோதானதுதான்.

ஒவ்வொரு செடியின் இலையிலும் வித்துத் தடவாத வட்டங்களும் வைத்தோம். அவை நல்லவேளையாக வைத்தவை. நான்காவது வாரம், குட்டை செடி ஒன்றின் தடவாத வட்டத்தில் ஆரஞ்சுப் புள்ளி கிளம்பியது. தோட்டத்திலேயே காளான் உள்ளே போய் ஒளிந்திருந்த இலை அது. ஒரு மாத வேலையைக் கொட்டிவிட்டு, ஒவ்வொரு கிளையிலும் இளைய இலைகளாகப் பார்த்துப் பறித்து, திரும்ப ஆரம்பித்தோம். மாணவி முகம் தொங்கிப்போனது. "இது வேஸ்ட் இல்லைம்மா. இதை வைக்காம இருந்திருந்தா தப்பான முடிவை நம்பியிருப்போம்" என்றேன்.

இரண்டாவது முறை தடவாத வட்டங்கள் எல்லாம் சுத்தமாக இருந்தன. ஐந்தாவது வாரம் எண்ணினோம். பழைய செடியின் துரு, பழைய செடி இலையிலும் உயரமான பதினேழில் எடுத்த இலையிலும் தாராளமாகப் பொடி விட்டது. துரு வராத குட்டை செடியின் இலையில் ஊசிமுனை அளவு மஞ்சள் பொட்டுகள் மட்டும், பொடி இல்லை. காவல்காரர் வேலை செய்த தடம் அந்தப் பொட்டு. சந்தேகத்துக்குரிய மூன்றில் இரண்டு செடிகளின் இலைகளில் பழைய துருவே பொடி விட்டது. சரி, அவை இரண்டும் குட்டையாகப் பிறந்தாலும் எதிர்ப்பைப் பெறாத கலப்புகள்.

மூன்றாவது செடி, நோட்டில் 41ஆம் எண், வேறு விதமாக நடந்துகொண்டது. பழைய துரு அதில் மஞ்சள் பொட்டோடு நின்றுவிட்டது. ஆனால் அதே செடியிலிருந்து எடுத்த துருவைத் தடவிய வட்டங்களில் நல்ல பொடி. அந்தத் துருவைப் பழைய செடி இலையில் வைத்தோம், வந்தது. சுத்தமான குட்டை இலையில் வைத்தோம், வரவில்லை. அதாவது 41இல் ஏதோ ஒரு காவல்காரர் இருக்கிறார். பழைய துருவை அவருக்குத் தெரியும். 41இல் குடியிருக்கிற துருவை அவருக்குத் தெரியவில்லை. சுத்தமான செடிகளில் அவரோடு இன்னும் யாரோ சேர்ந்து நிற்கிறார்கள், அவர்களைத் தாண்ட அந்தத் துருவால் இன்னும் முடியவில்லை.

ஜனவரிக் குளிரில் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு அந்த வட்டங்களை நாங்கள் இருவரும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரே சரிவில், முப்பது அடிக்குள், ஒரே நிறத்தில் இரண்டு வேறு துருக்கள்.

அப்பாவிடம் சொன்னது

டப்பா சோதனை நடக்கும்போதே தோட்ட வேலையையும் பேசிவிட்டோம். அவர் போர்டோ கலவைதான் அடித்திருந்தார். ஆனால் முதல் நாள் கலந்து மீந்ததை மறுநாளும் அடித்திருக்கிறார், அதுவும் பொடி தெரிந்த பிறகு, மேலிருந்து கீழாக. போர்டோ கலவை உள்ளே போன காளானைக் கொல்லாது, உள்ளே வராமல் தடுக்கும். அதனால் மழைக்கு முன்னால் ஒரு தடவை, மழை ஓய்ந்த இடைவெளியில் ஒரு தடவை, அடியிலை நனைகிற மாதிரி நாசிலை மேல்நோக்கித் திருப்பி அடிக்க வேண்டும். நூறு கிராம் மயில்துத்தம் பத்து லிட்டரில், நூறு கிராம் சுட்ட சுண்ணாம்பு பத்து லிட்டரில், தனித்தனி பிளாஸ்டிக் வாளியில். துத்தத் தண்ணீரைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊற்றிக் கலக்க வேண்டும். தேய்த்துப் பளபளப்பாக்கிய அரிவாளை முக்கி எடுத்துக் காட்டினேன். செம்பு நிறம் படிந்தது. சுண்ணாம்பு கொஞ்சம் சேர்த்து மறுபடி முக்கினோம், படியவில்லை. படிந்த கலவையை அப்படியே அடித்தால் இலை கருகும். "இத்தனை வருஷமா யாரும் இதைச் சொல்லலையே சார்" என்றார். இருபது லிட்டர் இரண்டு டேங்குக்குக் கூட வராது. அன்றன்றைக்குக் கலந்து அன்றே தீர்க்கலாம்.

நிழலைச் சித்திரை, வைகாசியில் கவாத்து செய்வது, செடியின் நடுவில் கிளைத்துவரும் போத்துகளை ஒடித்துக் காற்று விடுவது இதெல்லாம் அவருக்கே தெரியும். ஆள் கூலிதான் பிரச்சினை. பலாமரத்தடியில் பழைய செடி ஒன்றில் துருப்பொடியின்மேல் வெள்ளையாகப் பஞ்சு போல ஏதோ படர்ந்திருந்தது. அது துருவையே தின்னும் இன்னொரு பூஞ்சை. அந்த இலைகளைப் பறித்துப்போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.

உயரமான பதினேழையும் என்ன செய்வது என்று நான் எதுவும் சொல்லவில்லை. நான்கு வருடம் தண்ணீர் சுமந்து ஊற்றியவர் அவர். ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தேன். கீழ்ப்பாதியில் எந்தச் செடியிலிருந்தும் விதை எடுத்து நாற்று விட வேண்டாம். பக்கத்துக் காட்டுக்காரர் கேட்டாலும் கொடுக்க வேண்டாம். புதிதாக நட வேண்டுமென்றால் காப்பி வாரியத்திலிருந்தே விதை வாங்கி வீட்டு வாசலில் நாற்று விடட்டும். மாணவிக்கு அது நன்றாகத் தெரியும்.

"அந்த நாப்பத்தொண்ணை வெட்டி எரிச்சிடலாமா சார்?" என்றார். நியாயமான கேள்விதான். ஆனால் 41இல் இருக்கிற துரு பழைய செடிகளிலும் வாழ்கிறது என்று டப்பாவில் பார்த்துவிட்டோம். இதற்குள் மேல்பாதிக்குப் போயிருக்கும். வெட்டினால் துரு போகாது. எந்தத் துரு எங்கே இருக்கிறது என்று காட்டிக்கொடுக்கிற செடிதான் போகும். பழைய செடியில் இரண்டு துருவும் ஒரே மாதிரி தெரியும். 41இல் மட்டும்தான் வித்தியாசம் தெரியும். இதைச் சொன்னதும் மகள் அப்பாவைப் பார்த்தாள், அப்பா செடியைப் பார்த்தார்.

வீட்டுக்குள் போய் ஒரு பழைய சிவப்புச் சேலைக் கிழிசல் எடுத்துவந்து 41இன் தண்டில் கட்டினார். சுற்றியிருக்கிற சுத்தமான குட்டைச் செடிகள் எட்டுக்கும் மாணவி எண் எழுதின தகரத் துண்டு தொங்கவிட்டாள். அவற்றில் எதிலாவது மஞ்சள் பொட்டு பொடியாக மாறினால் அன்றே இலையோடு எனக்குத் தகவல் வர வேண்டும் என்று பேசிக்கொண்டோம். மழை தொடங்கியதிலிருந்து வாரம் ஒருமுறை அவர் முதலில் போய்ப் புரட்டிப் பார்ப்பது அந்த எட்டுச் செடிகளின் அடியிலையைத்தான். போன வாரம் வரை பொட்டுதான், பொடி இல்லை.